தபால்தலையில் பாய்ந்தவள்

மண்டபத்தூர் கிளைத் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் வெண்மதிக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவள் காதுபட யாரும் சொல்வதில்லை. தபால் பையோடு அவள் தெருவைத் தாண்டிப் போனபின் சொல்வார்கள்: "கள்ள வயசு போகுது பாரு." இரண்டு இடத்தில் கல்யாணப் பேச்சு முறிந்ததற்கும் அந்தப் பெயர்தான் காரணம் என்று அவளுடைய அம்மா செல்லம்மா நம்பினாள். அந்தப் பெயரை வைக்கக் காரணமானவர் பஞ்சநாதன் என்பதை வெண்மதி ஒருநாளும் மறந்ததில்லை.

பஞ்சநாதன் காரைக்காலில் ஒரு கால்பந்துக் கழகத்தின் செயலாளர். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கழகத்தின் பெண்கள் அணிக்கு வெண்மதி கோல்கீப்பர். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. பதினேழு வயதுக்குட்பட்டோர் இறுதிப் போட்டியில் கடைசி பெனால்டியை இடதுபக்கம் பாய்ந்து தடுத்தாள். பயிற்சியில் முறிந்த சுண்டுவிரலுக்குப் பிளாஸ்டர் போட்டிருந்ததால் கையுறை ஏறவில்லை. கத்தரிக்கோலால் கையுறையின் அந்த விரலை மட்டும் வெட்டிவிட்டு மாட்டிக்கொண்டு ஆடினாள். வலியில் உயிர் போனது. ஆனால் பந்து உள்ளே போகவில்லை.

மறுவாரமே மாநில முகாமுக்கு அவள் பெயர் வந்தது. அடுத்த பத்து நாளில் அந்தப் பெயர் காணாமல் போனது. அவளுக்கு உண்மையில் பத்தொன்பது வயது, பள்ளிச் சான்றிதழைத் திருத்திக் கொடுத்து ஏமாற்றிவிட்டாள் என்று பஞ்சநாதன் கால்பந்துச் சங்கத்துக்கு எழுத்துமூலமாகப் புகார் கொடுத்திருந்தார். கூடவே தேதி மாற்றிய ஒரு நகலும் இணைத்திருந்தார். அவளை இரண்டு வருஷம் விளையாடக் கூடாதென்று தள்ளி வைத்தார்கள். முகாமுக்குப் போனவள் பஞ்சநாதனின் அண்ணன் மகள் வினோதா.

வெண்மதியின் அப்பா கருப்பையன் படகில் போய் மீன் பிடிக்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. அசல் சான்றிதழைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு தலத்தெருவில் இருந்த பஞ்சநாதன் வீட்டுக்குப் போனார். கேட்டைத் திறக்கவில்லை. வெயிலில் ஒரு மணி நேரம் நின்றபின் பஞ்சநாதன் மாடியிலிருந்தே பேசினார்.

"பொய் வயசு சொல்லிப் பொண்ண ஆட விட்டுட்டு, இப்ப நியாயம் கேக்க வந்தியா? போலீசுக்குப் போனா நீதான்யா உள்ள போவ."

தெருவே வேடிக்கை பார்த்தது. கருப்பையன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அன்றைக்கு அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் வெண்மதி தீர்மானித்தாள். இதற்கு ஒருநாள் பஞ்சநாதன் பதில் சொல்லியாக வேண்டும். எப்படி என்று தெரியாது. ஆனால் ஆளிருக்கும் இடத்தில்தான் சொல்ல வேண்டும்.

தள்ளி வைத்த காலம் முடிந்த பிறகும் அவள் மைதானம் போகவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தபால் துறை வேலைக்கு விண்ணப்பித்தாள். துறை அவள் பிறந்த தேதியைப் பள்ளிக்கே எழுதிக் கேட்டுச் சரிபார்த்தது. தேதி சரி என்று வந்த கடிதத்தின் நகலை அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அதை ஊரில் யாரிடமும் காட்டவில்லை. இரண்டு பேருக்குக் காட்டி வீணாக்க அவளுக்கு மனமில்லை.

இந்த வருஷம் தெற்காசியப் பெண்கள் கால்பந்துப் போட்டியை ஒட்டி ஒரு சிறப்புத் தபால்தலை வெளியானது. தாள் தாளாக வந்ததில் ஒன்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பச்சைப் பின்னணியில் ஒரு பெண் இடதுபக்கம் பாய்கிறாள். உயர்த்திய கை முகத்தை மறைத்திருக்கிறது. கையுறையில் சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு துண்டு. ஓவியர் என்னவென்று தெரியாமலே புகைப்படத்தில் இருந்தபடி வரைந்திருக்கிறார். கூட வந்த விளக்கத் தாளில் படம் கொடுத்து உதவியதாகப் பஞ்சநாதனின் கழகத்தின் பெயர் அச்சாகியிருந்தது.

இரண்டு நாளில் உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. தபால்தலையில் இருப்பது காரைக்கால் பெண். இப்போது உடற்பயிற்சி ஆசிரியையாக இருக்கும் வினோதா. அவரை உருவாக்கியவர் சித்தப்பா பஞ்சநாதன். தருமபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. மண்டபத்தூருக்கு வந்த அழைப்பிதழ்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள் வெண்மதிதான். ஒன்றைக்கூட அவள் ஒளிக்கவில்லை. கூட்டம் நிறைய வரட்டும் என்றிருந்தது அவளுக்கு.

பதினான்கு வருஷத்துக்கு முந்தைய அந்த இறுதிப் போட்டியைப் படமெடுத்தவர் ஸ்டுடியோக்காரர் சேக் அலாவுதீன். வெண்மதி போய்க் கேட்டதும் அவர் பழைய கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பித் தேடினார். பாய்கிற படம் கிடைத்தது. அதற்கு அடுத்த படத்தில் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி வெண்மதி எழுந்து நிற்கிறாள். முகம் முழுசாகத் தெரிகிறது. அதே கையுறை, அதே வெட்டு.

"எடுத்தது நாந்தாம்மா. அவரு கேட்டாரு, குடுத்தேன். யாரு பேரப் போட்டாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது," என்றார். பிறகு தயங்கிச் சொன்னார்: "ஒரு லெட்டரு எழுதிப் போட்டா சரி பண்ணிருவாங்கள்ல? விழாவுல போயி எதுக்கும்மா?"

"எங்கப்பாவத் தெருவுல வச்சுதான் பாய் பேசுனாரு. லெட்டருலயா பேசுனாரு?"

சேக் அலாவுதீன் இரண்டு படங்களையும் பெரிதாகப் போட்டு அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்.

வினோதாவை வெண்மதி பள்ளிக்கூட வாசலில் பார்த்தாள். படத்தை நீட்டியதும் வினோதாவின் முகம் வெளுத்துவிட்டது.

"நான் இல்லன்னு சித்தப்பாகிட்ட சொன்னேங்க. யாருக்கு ஞாபகம் இருக்கப்போவுதுன்னுட்டாரு. அப்ப நடந்ததும் எனக்குப் பின்னாலதான் தெரியும். நானே அவருகிட்ட பேசிப் பாக்குறேன். மேடையில மட்டும் வேணாங்க."

"தெரிஞ்ச பின்னாடி எத்தன வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?"

வினோதா படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"விழாவுக்கு நீங்க வராதீங்க. உங்களுக்கு நான் செய்யிற உதவி அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு வெண்மதி சைக்கிளை எடுத்தாள்.

விழா மண்டபத்தில் தபால்தலை விற்க ஒரு மேசை போட்டிருந்தார்கள். அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் வெண்மதி. அப்பாவையும் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தாள். சலவைச் சட்டை போட்டிருந்த கருப்பையனுக்கு எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரியாது.

மேடையில் வினோதாவின் நாற்காலி காலியாக இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் என்று பஞ்சநாதன் மைக்கில் சொன்னார். திரை விலகியது. ஆள் உயரத்துக்கு அச்சடித்த தபால்தலை நின்றது.

"இந்தக் கைய நல்லாப் பாருங்க. நான் பழக்கிவிட்ட கை இது!" என்றார்.

கைதட்டல் அடங்குமுன் வெண்மதி அட்டைகளோடு மேடையேறினாள். தபால்காரப் பெண் ஏதோ கொண்டுவருகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள். அவள் இரண்டாவது படத்தைக் கூட்டம் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

"சார், இதுவும் அதே கைதான். அடுத்த நிமிசம் எடுத்தது. முகம் யாருதுன்னு மைக்குல சொல்லுங்க."

அவள் கோணிப்போயிருந்த தன் இடது சுண்டுவிரலை நிமிர்த்திக் காட்டினாள். மண்டபத்தூரிலிருந்து வந்தவர்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. "படம் நான் எடுத்தது. அந்தப் புள்ளதான் அது," என்று பின்னாலிருந்து சேக் அலாவுதீனின் குரல் கேட்டது.

பஞ்சநாதன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "பழைய கத இது. வெளிய போயிப் பேசிக்கலாம் வாம்மா."

"வெளியதான் எங்கப்பா நின்னாரு. நீங்க உள்ளயே சொல்லுங்க."

தபால் துறை சரிபார்த்த கடிதத்தை அவர் முன்னால் விரித்து, பிறந்த தேதியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். மேடையில் இருந்த விருந்தினர் ஒருவர் மைக்கைப் பஞ்சநாதன் வாயருகே நகர்த்தி வைத்தார். அவர் வாசித்தார். போட்டி நடந்தபோது அவளுக்குப் பதினாறு வயதுதான் என்று கணக்குப் போட எல்லாருக்கும் தெரிந்தது.

"தேதியத் திருத்துனது யாரு?"

"ஏதோ தப்பு நடந்துருச்சு..."

"யாரு செஞ்ச தப்பு?"

அவருடைய கழுத்தில் வேர்வை இறங்குவதை அவள் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. இரக்கம் வரும் என்று கொஞ்சம் பயந்திருந்தாள். வரவில்லை.

"நாந்தான்," என்றார்.

"கீழ உக்காந்திருக்காரு பாருங்க. கருப்பையன். பேரச் சொல்லிச் சொல்லுங்க."

"கருப்பையன்... நான் செஞ்சது தப்புங்க."

கருப்பையன் எழுந்து நின்றார். பஞ்சநாதன் பார்வையைத் தாழ்த்தும்வரை அவரையே பார்த்துவிட்டு உட்கார்ந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் வெகுநேரம் சன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தவர், கோட்டுச்சேரி தாண்டியதும் மகளிடம் கேட்டார்:

"ஏன் புள்ள அதுக்குள்ள மேடைய விட்டு எறங்கிட்ட? இன்னும் செத்த நேரம் கேட்டிருக்கலாம்ல."

பதினான்கு வருஷத்தில் அன்றுதான் அப்பா சிரித்து அவள் பார்த்தாள். பல் விழுந்த வாயைத் துண்டால் மூடிக்கொண்டு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அந்த மாதமே கழகம் பஞ்சநாதனை நீக்கியது. அவள்மேல் இருந்த பழைய புகார் பொய் என்று கால்பந்துச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மேசையை விட்டுவிட்டு மேடை ஏறியதற்கு மேலதிகாரி விளக்கம் கேட்டார். தபால்தலையில் இருப்பது பொதுவான ஓவியம், குறிப்பிட்ட யாரும் இல்லை என்றும் சொன்னார். விளக்கம் எழுதிக் கொடுத்தாள். தபால்தலையைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. வினோதா வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். கழகத்தின் புது ஆட்கள் சால்வையோடு வீட்டுக்கு வந்தபோது வெண்மதி உள்ளே கூப்பிடவில்லை.

பஞ்சநாதன் கடைத்தெருப் பக்கமே வருவதில்லை, உடம்பு பாதியாகிவிட்டது என்று செல்லம்மா ஒருநாள் கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

"பாவம்டி. போதும், மனசுலேருந்து விட்டுரு."

மத்தியான வெயிலுக்கு முன்னால் முடிக்கவேண்டிய தபால்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த வெண்மதி நிமிரவில்லை.

"எனக்குப் போதலம்மா," என்றாள்.