இல்லாத அம்மைக்குக் கட்டின வேப்பிலை

எம் பொண்ணு கண்ணாடி ரூம்லேர்ந்து வூட்டுக்கு வந்தப்ப ரெண்டு வயசு இருக்கும். நெஞ்சுல சளி கட்டி, பெரிய ஆஸ்பத்திரில மூக்குல கொழாயோட கெடந்துட்டு வந்தா. அந்த ரூமுக்கு வெளிய என்னமோ பெருசா எழுதியிருக்கும். நான் எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள நர்சம்மா தொரத்திடுவாங்க. அதனால எனக்கு அது கண்ணாடி ரூம்தான்.

அனுப்புறப்ப டாக்டரு சொன்னாரு: "இருமல் சளிக்காரங்க யாரையும் கிட்ட விடாதம்மா. இன்னொரு தரம் வந்தா பிள்ள தாங்காது. விலாவுக்குக் கீழ குழி விழுந்து மூச்சு வாங்குனா, ஒடனே தூக்கிட்டு வந்துடு."

யாரையும் விடாதன்னா எங்க கருவடிக்குப்பத்துல நடக்குமா? பிள்ள வந்து சேரக்கூட இல்ல, ரொட்டியும் பழமும் வாங்கிக்கிட்டு சொந்தம் வந்துடுச்சு. ஒருத்தி கன்னத்தக் கிள்ளுறா, ஒருத்தி மூஞ்சிலயே இருமுறா. வேணாங்கன்னா, "ஆஸ்பத்திரி போயிட்டு வந்ததும் பெரிய மனுசி ஆயிட்டியோ?"ங்குறா. எம் புருசன் மில்லுக்குப் போயிட்டா, பிள்ள நெஞ்சு ஏறுதா எறங்குதான்னு பாக்கறதத் தவிர எனக்கு வேற வேல கெடையாது. சோறு குழைஞ்சாலும் சரி, தீஞ்சாலும் சரி.

மூள ஒரு வேல செஞ்சுது. ஒரு கொத்து வேப்பிலைய ஒடிச்சு வாசப்படியில கட்டிட்டேன். வேப்பிலை கட்டுன வூட்டுக்குள்ள எவ வருவா? பிள்ளைக்கு அம்மை போட்டிருக்குன்னு, தெருவுலயே கன்னத்துல போட்டுக்கிட்டுப் போயிட்டாளுங்க. பாவம், எம் புருசனுக்குத்தான் மீன் கொழம்பு போச்சு. அம்மை வூட்டுல தாளிக்கக் கூடாதே! பெரிய மார்க்கெட்ட சுத்திக்கிட்டுப் போனாரு மனுசன், மீன் கண்ணுல படக் கூடாதுன்னு.

அப்புறம் ஒரு மத்தியானம். பிள்ள பாலக் குடிக்காம மொகத்தத் திருப்புனா. சட்டையத் தூக்குனேன். குழி விழுது. தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு முக்குக்கு ஓடுனேன்.

ரிக்‌ஷாக்காரரு எட்டி நின்னுக்கிட்டாரு. "அம்மை போட்ட கொழந்தைய வண்டியில ஏத்த மாட்டேன்மா. நானும் பிள்ளகுட்டிக்காரன்."

அதுக்குள்ள சொல்தா வூட்டு அக்கா வந்து மறிச்சாங்க. அவங்க புருசன் பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, இருந்தவரு. அவரு செத்தும் அந்த அதிகாரம் வூட்ட வுட்டுப் போவல.

"ஆத்தா எறங்காம ஆஸ்பத்திரிக்கு தூக்குவாங்களாடி? கோச்சுக்குவா. உள்ள போ!"

"ஆத்தா வரலக்கா! நாந்தான் சும்மா கட்டுனேன்!"

"ஆத்தா மேலயே பொய் சொல்லாத."

ஊருக்கெல்லாம் நான் வெளையாட்டுக்காரின்னு தெரியும். நெசத்த சொன்னாலும் நம்ப ஆளில்ல. பிள்ள ஒதடு நெறம் மாறுது. அங்கயே, நடுத் தெருவுல, பிள்ள சட்டையக் கழட்டிட்டேன்.

"ஒரு கொப்புளம் காட்டுக்கா. ஒண்ணே ஒண்ணு காட்டு!"

அக்கா குனிஞ்சாங்க. கொப்புளத்தத் தேடுன கண்ணு குழியில போயி நின்னுச்சு. அவ்வளவுதான், எனக்கு முன்னாடி வண்டியில ஏறி உக்காந்து ரிக்‌ஷாக்காரரு முதுகுல ஒரு தட்டு. "அலே! அலே! மிதிடா!" அந்த பிரெஞ்சு அதட்டலுக்கு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வண்டி நிக்கவேயில்ல.

திரும்பவும் கண்ணாடி ரூம். திரும்பவும் கொழாயி. நேரத்துக்கு வந்தீங்கன்னு டாக்டரு சொல்றவரைக்கும் அக்கா என் கையப் பிடிச்ச பிடி வுடல. என் வளையல் ஒடைஞ்சிடுச்சு.

திரும்ப வூட்டுக்கு வந்து பாத்தா, வாசப்படியில பச்சப் பசேல்னு புது வேப்பிலை தொங்குது.

"காஞ்சிருந்தா எவளும் நம்ப மாட்டா. நாந்தான் மாத்துனேன்"ன்னாங்க அக்கா. "மீன் கொழம்பு எங்க வூட்டுல வக்கிறேன். ஒம் புருசன கொல்லப் பக்கமா வரச் சொல்லு."

அன்னிக்கு மத்தியானமே தலகாணியோட வந்துட்டாங்க. "நீ கண்ண மூடுடி. குழிய நான் பாத்துக்கறேன்."

படுத்தேன். கொஞ்ச நேரத்துல அக்கா கொறட்ட விட ஆரம்பிச்சாங்க. நான் எழுந்து உக்காந்து, ரெண்டு பேரு நெஞ்சையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டிருந்தேன்.