தாங்கியில் விழுந்த ஐந்து வெடி

மாம்புரியில் இருக்கும் எங்கள் வத்தாளங்கிழங்குத் தோட்டம், அதாவது சர்க்கரைவள்ளித் தோட்டம், என் மனைவிக்குச் சீதனமாக வந்தது. நான் அதை என் தோட்டம் என்று சொல்லும்போதெல்லாம் அவள் தொண்டையைச் செருமுவாள். போன போகம் கிழங்கு முற்றிய வாரத்தில் காட்டுப்பன்றிகள் வந்து எல்லாவற்றையும் கிளறிப் போட்டுவிட்டன. எழுத்தில் என்பதால் பெயரைச் சொல்கிறேன். எங்கள் முஸ்லிம் வீட்டில் 'அது' என்றுதான் சொல்ல வேண்டும். இந்தப் போகமும் கிழங்கு முற்றியபோது மனைவி தீர்ப்புச் சொன்னாள். எனக்கும் அவளுடைய தம்பிக்கும் துவக்கு இருக்கிறது. யாருடையது குறி தவறாமல் சுடுகிறதோ, அவர்தான் இனித் தோட்டத்தைப் பார்ப்பார்.

அந்தத் தோட்டமும் கையை விட்டுப் போனால் ஊரில் என்னை யார் மதிப்பார்கள்?

இரண்டு துவக்குக்கும் பயிர்க்காவல் அனுமதிப்பத்திரம் உண்டு. என்னுடையது சன்னம் சிதறிப் பாயும் பழைய துவக்கு. அதன் குழலுக்குள் செருக மெல்லிய இரும்புக் குழல் ஒன்றும் வைத்திருந்தேன். அதைப் போட்டால் ஒற்றை ரவை போகும். மச்சானுடையது ஒரு தடவைக்கு ஒரே ரவை போடும் றைபிள்.

"துவக்குக்குள்ள இன்னொரு துவக்கு. வயித்துல புள்ளயோட நிக்கிது, மச்சான்" என்று சிரித்தான். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

குறிக்குப் பன்றி உருவம் வரைய ஒரு பிரிட்ஜ் பெட்டி அட்டையை எடுத்தோம்.

"பேர் சொல்லவே வாணாம் எண்டு சொல்றன், வீட்டுக்குள்ள வச்சி அதைக் கீறப் போறீங்களோ?" என்று மனைவி அட்டையை வெளியே தள்ளினாள். தென்னைக்குக் கீழே கரித்துண்டும் கையுமாக இருவரும் குந்தினோம். உடம்பு வரை மச்சான் கீறிவிட்டான். மூஞ்சிக்கு வந்ததும் அவனுக்கும் மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. கடைசியில் தாடி வைத்து முடித்தான். குர்பானுக்கு அறுக்க நிற்கும் கடா மாதிரி இருந்தது.

மணல் மேட்டில் அதைச் சாத்திவிட்டு, ஐம்பது காலடி தள்ளி நின்று ஆளுக்கு ஐந்து வெடி வைத்தோம். மச்சானின் ரவைகளில் ஒன்று காதில், ஒன்று காலில், ஒன்று தென்னையில். மற்ற இரண்டும் அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். என்னுடைய ஐந்தில் ஒன்றுகூட அட்டையில் இல்லை. அப்போதுதான் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. இடப்பக்கம், கிணற்றடித் தண்ணீர்த் தாங்கியின் அடிப்பகுதியில், ஒரு உள்ளங்கையால் மூடக்கூடிய இடத்துக்குள் ஐந்து ஓட்டைகள். செருகிய குழல் உள்ளே சரிந்து உட்கார்ந்ததில் ஐந்தும் ஒரே பக்கம் விலகியிருக்கின்றன.

"பாத்தியா! அஞ்சும் ஒரே இடம்!" என்று கத்தினேன்.

"நீங்க குறி பாத்தது தாங்கியையா, மச்சான்?"

"உன்ட துவக்குக்கு எங்க சுடுறன் எண்டே தெரியாது. என்டதுக்குத் தெரியும். பிழையாத் தெரியும், அவ்வளவுதான்."

மனைவி நனைந்த மணலில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தாள். "அப்ப அதைத் தாங்கிக்குப் பக்கத்துல வந்து நிக்கச் சொல்லுங்க."

வெட்கமாகப் போய்விட்டது. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதைச் சாட்டாக வைத்து இருவரும் பள்ளிவாசலுக்கு நழுவினோம். தாங்கியை அடைக்க யாருக்கும் நினைவு வரவில்லை. காவலுக்கும் யாரும் போகவில்லை.

மறுநாள் விடியலில் சுபஹ் தொழுதுவிட்டுப் போய்ப் பார்த்தால், பன்றிகள் வந்து போயிருந்தன. தாங்கியடியில் ஊறிய மணலில் புரண்டு புரண்டு பெரிய பள்ளமே தோண்டியிருந்தன. கிழங்குக் கொடியில் ஒரு இலைகூடக் கசங்கவில்லை. அடுத்த இரண்டு விடியலும் அப்படியேதான்.

"தோட்டத்த நான் பாக்குறன். ரெண்டு பேரும் தாங்கிய நிரப்புங்க" என்றாள் மனைவி. "ஓம், ராத்தா" என்று மச்சான் உடனே தலையாட்டினான். துவக்குகள் அலுமாரிக்குப் போயின, சாவி அவளிடம் போனது.

கிழங்கு கிண்டி முடியும்வரை தினமும் அஸருக்குப் பிறகு மோட்டாரைப் போட்டு, பேர் சொல்லக்கூடாத அந்த மிருகம் குளிக்கத் தண்ணீர் விட்டேன். காலையில் அது உரசிவிட்டுப் போன தண்ணீர் ஹோஸை மார்க்கம் சொன்னபடி ஏழு தடவை கழுவினேன், அதில் ஒரு தடவை மண் போட்டு. மச்சான் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணினான்.

இப்போது யாராவது கேட்டால், மனைவியின் தோட்டம் என்றுதான் சொல்கிறேன். அவள் செருமுவதில்லை.