ஆத்தா என்றால் மூழ்கும்

முத்தம்மையை முதலில் பார்த்தபோது அவள் கூடத்தில் நாலுகாலில் போய்க்கொண்டிருந்தாள். மலாயாவில் பினாங்குத் தெருச் செட்டியார் வீட்டில், டாக்டர் கொடுத்த இங்கிலீஷ் சீட்டைப் படித்துச் சொல்ல இதை எழுதுகிறவனை அழைத்திருந்தார்கள். நாலு வயது சொக்கு தாயின் முதுகில் ஏறிப் பின்னலைப் பிடித்து இழுத்தான்.

"தொங்கான் வருது, வழி விடு!"

துறைமுகத்தில் சரக்கேற்றும் தொங்கான் படகைப் போல அவள் ஆடி ஆடிப் போனாள். பிள்ளையைவிட அவள்தான் அதிகம் சிரித்தாள். ஆள் வந்ததைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

சீட்டில் இருந்தது முத்தம்மையின் மூத்தார் தேனப்பனின் மனைவி விசாலத்தைப் பற்றி. அவளுக்கு இனிப் பிள்ளை பிறக்காது. அடுத்த முகூர்த்தத்திலேயே சொக்குவுக்கு மஞ்சள்நீர் கொடுத்து, அவனை அவர்களுக்குத் தத்தாகப் பிள்ளை கூட்டிவிட்டார்கள். முத்தம்மையை யாரும் கேட்கவில்லை.

"அண்ணன் கேட்டு இல்லைன்னு சொல்லவா? ஒரே வீடுதானே. நீ இன்னொண்ணு பெத்துக்கிட்டாப் போச்சு" என்றான் கணவன் மெய்யநாதன்.

வீடு ஒன்றுதான். ஆனால் சொக்கு அவளை ஆத்தா என்னும்போதெல்லாம் விசாலத்தின் முகம் சுண்டியது.

"இந்தா முத்தம்மை, நான்தான் அவனுக்கு ஆத்தா. உன்னைச் சின்னாத்தான்னு கூப்பிடட்டும், நாள் பூரா தூக்கி விளையாடு. இல்லேன்னா அவனைத் தொடாதே."

"விளையாட்டாவே பழக்கிடுறேன் ஆச்சி."

அவளுக்கு அந்தச் சவாரி போதும். பெயரில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள். ஆத்தா என்றால் தொங்கான் மூழ்கும்: தடாலென்று குப்புற விழுந்து மூச்சை அடக்கிக் கிடப்பாள். சின்னாத்தா என்றால் மிதந்து புறப்படும். முதல் நாள் சொக்கு வேண்டுமென்றே இருபது தடவை மூழ்கடித்தான். இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மூன்றாம் நாள் அவள் சற்று அதிக நேரம் கிடந்துவிட்டாள். பிள்ளை அவள் கண்ணிமையைப் பிரித்துப் பார்த்து வீறிட்டு அழுதான். பிறகு தவறிக்கூட அந்தச் சொல் வரவில்லை.

"கெட்டிக்காரிதான்" என்றாள் விசாலம். மறுமாதமே அவனை ஊருக்குக் கூட்டிக்கொண்டு கப்பலேறினாள்.

துறைமுகத்தில் முத்தம்மை பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவை ஆத்தான்னு சொல்லுடா, அய்யா."

சொக்கு விசாலத்தின் தோளில் முகத்தைப் புதைத்தான்.

"மாட்டேன். நீ செத்துப்போயிடுவே."

"நல்லாத்தான் பழக்கியிருக்கே" என்று சிரித்தபடி விசாலம் படியேறினாள்.

சொக்கநாதன் இப்போது தேவகோட்டையில் பள்ளிக்கூடம் போகிறான். முத்தம்மை பினாங்குத் தெரு வீட்டிலேயே இருக்கிறாள். வேறு பிள்ளை பிறக்கவில்லை.