ஆராய்ச்சிக்குக் கள்

பல்கலைக்கழகக் கடைசி வருடத்தில் என் ஆய்வு பனங்கள்ளைப் பற்றியது. இறக்கிய கள் நேரம் போகப் போக எவ்வளவு புளிக்கிறது என்று அளக்க வேண்டும். உடுவிலில் எங்கள் வீட்டில் இதைச் சொன்ன அன்று அம்மா அகப்பையைக் கறிச்சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டார். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், எங்கள் சபையில் மதுவிலக்குப் பிரசங்கம் செய்பவர். "வேறை ஒண்டும் கிடைக்கேல்லையே பிள்ளை உனக்கு?" என்றார். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

பக்கத்து வளவில் பனை சீவும் அண்ணையிடம் சொல்லி வைத்து, விடிந்ததும் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். முறை எளிது. கள்ளில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, பினோத்தலீன் என்ற நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு, அளவி என்ற கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அமிலம் தீர்ந்ததும் இளஞ்சிவப்பு வரும். இறங்கிய காரத்தை வைத்து அமிலத்தைக் கணக்கிடலாம்.

பினோத்தலீன்தான் விட்டேன். அளவியைத் தொடவே இல்லை. குடுவை முழுக்க ரோசாப்பூ நிறம்! ஐயோ கடவுளே, கள்ளுக்குள் காரமா? திரும்பச் செய்தேன். திரும்பவும் சிவப்பு. எட்டிப் பார்த்த விரிவுரையாளர், "நாளைக்கும் உப்பிடித்தான் எண்டால் தலைப்பை மாத்தும். மண் பரிசோதனை இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். மண்ணா! இந்தக் கள்ளுக்காக வீட்டில் எவ்வளவு சண்டை பிடித்திருந்தேன்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பின்னேரம் அண்ணையிடம் போய்க் கேட்டேன்.

"அது கருப்பணியெல்லோ தங்கச்சி," என்றார் பெருமையாக. பனையில் கட்டும் முட்டிக்குள் நன்றாகச் சுண்ணாம்பு பூசி, புளிக்காத இனிப்புச் சாறாக இறக்கித் தந்திருக்கிறார் மனிதர்! அந்தச் சுண்ணாம்புதான் காரம். "பொம்பிளைப் பிள்ளையிட்டை ஆரும் கள்ளுக் குடுப்பினமே? ஆம்பிளை ஆரும் வரட்டும், தாறன்."

கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லி மூக்கைச் சிந்தினேன்.

மறுநாள் காலை அப்பா, ஞாயிறு ஆராதனைக்குப் போடும் வெள்ளைச் சேட்டோடு சைக்கிளை எடுத்தார். திரும்பி வரும்போது கைபிடியில் போத்தல் தொங்கிற்று, அதன் வாயெல்லாம் நுரை.

"சந்தியிலை நிண்ட எல்லாரும் கண்டிட்டினம். 'மாஸ்ரர், எப்ப துவங்கினனீங்கள்?' எண்டு கேக்கிறாங்கள். என்ரை மானம் கப்பலேறிப் போச்சு," என்றார். "இந்தா, கெதியாக் கொண்டு ஓடு!"

பஸ்ஸில் போத்தலை மடியில் வைத்திருந்தேன். மூடி 'புஸ்' என்றது. பக்கத்தில் இருந்த பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் போய்விட்டார். போகட்டும், எனக்கு இடம் தாராளம்.

ஆய்வுகூடத்தில் பினோத்தலீனை விட்டேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. துள்ளிக் குதித்தேன். காரத்தை மெல்ல இறக்கினேன். சிவப்பு எட்டிப் பார்க்கும், ஆட்டினால் மறையும். பிறகு ஒரு சொட்டு விழுந்தது. மெல்லிய இளஞ்சிவப்பு, ஆட்டியும் போகவில்லை!

உடனே வீட்டுக்குப் போன் எடுத்தேன். "அப்பா, கள்ளு நல்லாப் புளிச்சிருக்கு!"

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" அப்பா போட்ட சத்தம் பக்கத்து மேசை வரைக்கும் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கும் வேணுமே பிள்ளை?" என்றார்.