பெயர் கேட்கும் தீயணைப்பு நிலையம்

எங்கள் பொஸ்னிய ஊரில் போருக்கு முன் இருந்தது ஒரே தீயணைப்பு நிலையம். வண்டி ஓட்டியவன் ஃபெரித்; பக்கத்து இருக்கையில் எப்போதும் ஸ்டீப்பே. சமாதானம் வந்ததும், ஊரை ஆள, போரிட்ட முஸ்லிம், குரோவாத்தியர் இரண்டு தரப்புக்கும் சரிபாதி அதிகாரம் என்றார்கள். உடனே எல்லாம் இரண்டானது. ஃபெரித்துக்கு முஸ்லிம் நிலையம், ஸ்டீப்பேவுக்குக் குரோவாத்திய நிலையம். வண்டிகளைத் தானம் தந்த நாடுகளும் வேறு வேறு. ஒரு பக்கத்துக் குழாய் மறுபக்கத்துத் தெருக்குழாயில் பொருந்தாது. அதைச் சரிசெய்யக்கூட நகரசபைக்கு வக்கில்லை.

இதைவிட மானக்கேடு ஒன்று உண்டு. நெருப்பு என்று போன் செய்தால், எங்கே என்று கேட்பதில்லை. பெயரைக் கேட்பார்கள். பெயர் சொன்னால் இனம் தெரியுமே!

ஒரு ஆகஸ்ட் காலையில், இரு தரப்பையும் பிரிக்கும் எல்லைத் தெருவுக்கு அப்பால் விதவை ஆங்கிட்சாவின் ரொட்டிக்கடை பற்றிக்கொண்டது. ஃபெரித்தின் நிலையத்து வாசலிலிருந்தே புகை தெரிந்தது. நிலைய அதிகாரி போனை எடுத்தார்.

"பேரு என்னம்மா? ஆங்கிட்சாவா? அப்ப உங்க ஆளுங்களைக் கூப்பிடும்மா."

"சார், அவங்க நிலையம் தூரத்துல இருக்கு, பாலத்தைச் சுத்திக்கிட்டு வரணும். அதுக்குள்ள கடை சாம்பலாயிடும்" என்றான் ஃபெரித்.

"நான் சொன்னா ஓட்டு. சொல்லலேன்னா சும்மா இரு."

ஃபெரித்தின் ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஆனாலும் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

தொட்டித் தண்ணீர் பாதி நெருப்புக்குக்கூடப் போதவில்லை. தெருக்குழாயோ சேர மறுத்தது. அந்நேரம் எதிர்த்தரப்பு வண்டி வந்து நின்றது. குதித்தவன் ஸ்டீப்பே.

"டேய் கிழவா, இத்தனை வருஷம் கழிச்சு வர்ற, காலித் தொட்டியோடயா?"

"குழாய் சேரமாட்டேங்குதுடா!"

"உன் வண்டிதான் கிட்ட நிக்குது, தொட்டி மேல்மூடியைத் திற. ஓட்டைக்கு என்னடா இனம்?"

"கொஞ்சிக்கிட்டு நிக்கிறீங்களா பாவிகளா, என் அடுப்பு போகுது!" என்று அலறினாள் ஆங்கிட்சா.

தெருக்குழாயில் மாட்டிய ஸ்டீப்பேயின் குழாய் தொட்டியை நிரப்ப, ஃபெரித் பீய்ச்சியடித்தான். கூரை போயிற்று, அடுப்பும் சுவரும் பிழைத்தன.

குப்பை அள்ளவும் ஒன்றுகூடாத நகரசபை அந்த வாரமே கூடியது. ஒருவர் விடாமல் கை தூக்கினார்கள்: இருவரையும் விசாரிக்க வேண்டும்! ஃபெரித் எல்லை தாண்டினானாம். ஸ்டீப்பே தன் இனத்துத் தண்ணீரை அடுத்த இனத்து வண்டியில் ஊற்றினானாம். இப்படிச் சொல்லிவிட்டு வெட்கமில்லாமல் காபி குடித்தார்கள்.

"தெரியாம நடந்துடுச்சுன்னு சொல்லிடுங்கப்பா, விட்டுடறோம்" என்றார் நகரசபைத் தலைவர்.

ஸ்டீப்பே அப்படியே சொன்னான். அவனுக்கு மூன்று சின்னப் பிள்ளைகள்; ஃபெரித் அவனைக் குறை சொல்லவில்லை. தன் முறை வந்தபோது எழுந்து நின்றான்.

"தெரியாம இல்லீங்க. அந்தம்மா பேரைக் காதால கேட்டேன். கேட்டுட்டுத்தான் போனேன்."

வேலை போயிற்று.

செய்தி கேட்டு ஆங்கிட்சா மாவு அப்பிய கையோடு நகரசபைக்கு ஓடிவந்தாள். "எரிஞ்சப்ப வராத பயலுக, அணைச்சவனையா தண்டிக்கிறீங்க? விடுறா உள்ள!"

வாசற்காவலாளி கதவை மறித்து நின்றான்.

"முதல்ல உங்க பேரைச் சொல்லுங்கம்மா."