மாமா அவிழ்க்காத காப்பு

மாமாவின் வலது மணிக்கட்டில் ஒரு கயிறு இருந்தது. கட்டியபோது மஞ்சள், கடைசியில் சாணி நிறம். ஆடி மாதம் படவேட்டு ரேணுகாம்பாளுக்குக் காப்புக் கட்டுகிறவர்கள் கூழ் ஊற்றி முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். மாமா அவிழ்க்கவே இல்லை. கேட்டவர்களிடம் வாதம், ஜோசியம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புவார். உண்மைக் காரணம் எனக்கும் என் மாமியாருக்கும் மட்டும் தெரியும்.

அவர் என் அம்மாவின் தம்பி. அப்பா இல்லாத வீட்டில் எனக்கு எல்லாமே அவர்தான். தேவிகாபுரத்துப் பக்கம் அவர் கையை அறியாதவர் கிடையாது. முதலில் அறை விழும், பேச்சு அப்புறம்தான் வரும். மடைத் தண்ணீர்த் தகராறில் மண்வெட்டிக் காம்பால் ஒருவன் மண்டையைப் பிளந்துவிட்டு, அவனையே தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். எனக்கு முதலில் பேசிய சம்பந்தமும் அந்தக் கையால்தான் போயிற்று. பரிசத்தன்று மாப்பிள்ளையின் பெரியப்பா என் அம்மாவை ஒரு வார்த்தை சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் அவருடைய முன்பல் வெற்றிலைத் தட்டில் கிடந்தது. நல்ல அறைதான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அதோடு என்னை யாரும் பெண் கேட்டு வரவில்லை. அம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டு அதன் எதிரிலேயே அழுவாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் செய்யாறிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கம்பெனி வேலை. அவருடைய அம்மா எல்லாம் பேசி முடித்துவிட்டு, கல்யாணம் முடியும்வரை உங்கள் தம்பி கையைக் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் இதுவும் நின்றுவிடும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மாமா அதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே படவேட்டுக்கு பஸ் ஏறி, காப்புக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். காப்புக் கட்டிய கை கறி தொடக்கூடாது, சாராயம் தொடக்கூடாது, ரத்தம் பார்க்கக்கூடாது.

அந்த ஆடியில்தான் தாய்மாமன் சீருக்குப் பட்டுப்புடவை எடுக்க நானும் மாமாவும் ஆரணிக்குப் போனோம். வருங்கால மாமியாரும் செய்யாறிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, கடைகள் திறக்கவில்லை. ஹோட்டலில் இட்லி தின்றோம். பக்கத்துப் பிரியாணிக் கடையில் அப்போதுதான் அடுப்பு மூட்டினார்கள். மாமா அதைப் பார்த்து விட்ட பெருமூச்சில் மாமியாரே சிரித்துவிட்டார். நெல் ஏற்றி வருகிற ரைஸ் மில், பஸ் ஸ்டாண்டு, பிரியாணிக் கடை, இவ்வளவுதான் மாமாவுக்கு ஆரணி. ஆனாலும் ஊரே தன்னுடையது போல, கடை திறக்கிறவரை கோட்டையைக் காட்டுகிறேன் என்று, தெரியாத தெரு ஒன்றில் குறுக்கே கூட்டிக்கொண்டு போனார்.

அது நெசவுத் தெரு. தறியில் ஏற்றுவதற்கான பட்டு இழைகள், பாவு என்பார்கள், அரக்குச் சிவப்பில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தது. வெயில் ஏறுவதற்குள் கஞ்சி போட்டு இழை பிரித்து முடிக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு ஆட்கள் குனிந்து வேலை செய்தார்கள். பாவைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அங்கே அது சாமி மாதிரி, யாரும் தாண்ட மாட்டார்கள். வயல்காட்டு மனிதருக்கு அது எப்படித் தெரியும்? வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரே எட்டு. பின்னங்காலில் செருப்பு வார் சிக்கியது. பட்பட்டென்று இழைகள் தெறித்தன.

கஞ்சிக் கையோடு ஓடிவந்த இளைஞன் மாமாவின் இடது காதோடு சேர்த்து அறைந்தான். தெரியாமல் தாண்டிவிட்டேன் என்று மாமா சொன்னார். எந்த ஊர் என்று ஒருவர் கேட்டார், ஊர் சொன்னதும் எந்தத் தெரு என்றார். அந்தக் கேள்வி எதற்கென்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாமா அதற்கும் பதில் சொன்னார். அதற்கப்புறம் விழுந்த அடி இழைக்காக விழுந்த அடி இல்லை. முதுகில் குத்தினார்கள், வயிற்றில் உதைத்தார்கள். மூக்கிலிருந்து ரத்தம் வேட்டியில் இறங்கியது. மாமா நினைத்திருந்தால் நாலு பேரை அங்கேயே கிடத்தியிருப்பார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, என் மாமியாரை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வெறி! பாவு கட்டியிருந்த முளைக்கட்டையைப் பிடுங்கினேன். அறைந்தவன் தோளில் ஒன்று போட்டேன், குனிந்தவன் முழங்காலில் இன்னொன்று. அவன் கீழே விழுந்த பிறகும் ஓங்கினேன். அப்போது ஒரு வயதான அம்மா கூட்டத்துக்குள் புகுந்து மாமாவின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"டேய், ஆத்தாளுக்குக் காப்பு கட்டிகினு கீறாருடா. அதான் அடிய வாங்கிகினு நிக்கிறாரு."

தெரு கேட்டவரும் அடித்தவர்களும் பின்வாங்கினார்கள். மாமியார் என்னிடம் வந்தார். சம்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன். கையிலிருந்த கட்டையை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, "கட தெறந்துருப்பாங்க. வா, புடவ பாக்கலாம்" என்றார்.

வருஷங்கள் கழித்துச் சொன்னார்: "அன்னிக்கு ஒங்க மாமா கை நீட்டியிருந்தா கல்யாணம் நின்னுருக்கும். நீ நீட்டாம இருந்திருந்தாலும் நின்னுருக்கும்."

திரும்பி வரும் பஸ்ஸில் மாமாவிடம் பேசினேன், பதில் வரவில்லை. அந்த இடது காது அப்புறம் கேட்கவே இல்லை. சுற்றி வந்து வலப்பக்கம் உட்கார்ந்தேன். அவர் தன் காயத்தைத் துடைக்கவில்லை, என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கைய ஒனக்குக் குடுத்துட்டேனே பாப்பா. அவன் வியிந்தப்புறமும் அடிக்கப் போனியே."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. மாமா அழுது நான் பார்த்தது அன்றுதான். கூழ் ஊற்றி முடிந்தது, என் கல்யாணமும் முடிந்தது, கயிறு அப்படியே இருந்தது. அதன் பிறகு அவர் யார் மேலும் கை வைக்கவில்லை. வம்புக்கு இழுத்தால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மாப்பிள்ளையை அடிக்கிறாயா, பிள்ளையை அடிக்கிறாயா என்று ரகசியமாகக் கேட்பார். இல்லை என்பேன். எல்லா நேரமும் அது உண்மையில்லை.

போன ஆடியில் மாமா போய்விட்டார். குளிப்பாட்டும்போது பங்காளி ஒருவர் கயிற்றை அறுக்க பிளேடு கேட்டார். அறுக்காதீர்கள் என்றேன். "செத்த கை இனிமே யார அடிக்கப் போவுது? உட்டுத் தள்ளும்மா" என்றார் அவர்.

செத்த கை அடிக்காது. பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தேன். சாவு வீட்டுக் கயிறு, ஆகாது என்று பெண்கள் கத்தக் கத்த, என் வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன்.