பல்பர் கடித்த காசு

எந்தக் காசு கைக்கு வந்தாலும் செங்கோடன் மாமா கட்டைவிரல் நகத்தால் அதன் விளிம்பை ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்க்கிறேன். அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. இப்போது அந்த நகத்தை நினைக்கவே கூசுகிறது.

ஏற்காடு கடைவீதியில் அவருக்குப் பட்டறை. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மிஷின்களைப் பழுதுபார்ப்பார். வேலை இல்லாத நாட்களில் இரண்டு காசுகளைச் சேர்த்து வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்குவார். ஒன்றின் எழுத்து மற்றதில் இடவலம் மாறிப் பதியும். அதை ஏரிக்கரையில், சுற்றுலா வந்தவர்களிடம், ‘அச்சுப்பிழைக் காசு’ என்று விற்பார்.

உண்மையான அச்சுப்பிழைக் காசுக்குச் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள் என்றும், அது எப்படி இருக்கும் என்றும் போனில் படித்துச் சொன்னது நான்தான். நாணயச்சாலையிலேயே அச்சு விலகியிருந்தால் எழுத்து பாதியில் நிற்கும். மிச்ச இடம் காயமில்லாமல் வழுவழுப்பாக இருக்கும். வெளியே வந்தபின் அடிபட்டதென்றால் எழுத்து நசுங்கியிருக்கும், கீறல் விழுந்திருக்கும்.

“படிச்ச புள்ளைன்னா இது புள்ளை” என்றார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அந்த ஒரு வார்த்தைக்கு வாலாட்டினேன்.

ஒரு நாள், தலைச்சோலை ஊரில் பல்பரில் பழம் போடும் அத்தாயி அக்கா ஐந்து ரூபாய்க் காசு ஒன்றைக் கொண்டுவந்தார்.

“ஏனுங்க, பல்பர் கடிச்ச காசுங்க. பழத்தோட உளுந்துருச்சாட்ட இருக்குது, தொட்டியில கெடந்துச்சு. பஸ்ஸுல வாங்க மாட்டேங்கறாங்க. கொஞ்சம் தட்டிக் குடுங்க.”

மாமா நகத்தால் தடவினார். எனக்கும் காட்டினார். ஒரு ஓரம் பிறை மாதிரி வெறுமையாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. பல்பர் அதைக் கடிக்கவே இல்லை.

“பழம் போடச் சொன்னா காசப் போட்டிருக்கறயே அத்தாயி, பல்பருக்கு என்ன சம்பளமா குடுக்கற?” என்று சிரித்தார். “செரி, இந்தா, வேற காசு.”

அக்கா கும்பிட்டு வாங்கிக்கொண்டார். நான் போனைப் பார்த்தபடி நின்றேன். பயமா, மரியாதையா, எனக்கும் ஏதாவது கிடைக்கும் என்ற ஆசையா? இன்றுவரை பிடிபடவில்லை.

அந்தக் காசு சேலத்தில் விலைபோனது. எவ்வளவு என்று மாமா சொல்லவில்லை. அடுத்த வாரம் புது பைக்கில் வந்தார்.

போன தையில் மாமா இறந்தார். இழவு வீட்டில் அத்தாயி அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து நீட்டினார்.

“நெத்தியில வெக்கறதுக்கு, நல்ல காசாப் பாத்து எடுத்தாந்தேன் கண்ணு. கடிபட்ட காசுக்கு நல்ல காசு குடுத்த மனுசன்.”

வாங்கியதும் என் நகம் தானாக அதன் விளிம்பைத் தடவியது. சீ என்று இருந்தது. உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். அழுகைச் சத்தத்தைச் சாக்காக வைத்து மூடிக்கொண்டேன்.

அக்காவின் காசை நெற்றியில் வைத்துக்கொண்டு மாமா போய்விட்டார். அவர் அக்காவிடம் எடுத்துக்கொண்டது கடனாக அப்படியே நிற்கிறது.